கை எடுத்த நேரம்

விளையாட்டில் நுப்புவுக்கு வாய் கிடையாது.
பதினாறு சதுரம் அகலம், இருபத்திநான்கு உயரம்,
அதற்குள் ஒரு வெள்ளை முயல்,
இடது கையில் மட்டும் சிவப்பு உறை.
வாய்க்கு இடம் மிஞ்சவில்லை.

தொலைக்காட்சிக்கு வாய் வேண்டும்.
மூன்று வாரம் வாய் வரைந்தேன்.
அகரத்துக்கு ஒன்று, மகரத்துக்கு மூடிய கோடு,
தலையில் இரட்டைப் புள்ளி வைத்த எங்கள் எழுத்துகளுக்கு
உதடு குவித்தும் குவிக்காமலும் இரண்டு.
அம்மா ஒருத்தி வேண்டுமாம். வரைந்தேன்.
எதற்காக ஓடுகிறான் என்று காரணமும் வேண்டுமாம்.
விளையாட்டில் யாரும் கேட்டதில்லை.
வலப்பக்கம் என்று ஒன்று இருந்தது,
ஓடினான்.

தம்பெரேவில் எங்கள் ஸ்டுடியோ
பழைய பருத்தி ஆலையின் நான்காம் மாடி.
கீழே ஆறு உறையாமல் இரைந்துகொண்டிருக்கும்.
மூன்று மணிக்கே இருட்டிவிடும் டிசம்பரில்
பள்ளங்களை நிரப்பிக்கொண்டிருந்தோம்.
ஆறு வயதுக்காரர்கள் பார்ப்பது, யாரும் சாகக் கூடாது.
ஒரு சாயங்காலத்தில் நாற்பது முறை செத்தவனுக்கு
இப்போது விழும் இடமெல்லாம் பனி மெத்தை,
எழுந்ததும் ஒரு நகைச்சுவை.
முன்பு அவன் பள்ளத்தைப் பார்த்துப் பயந்ததில்லை.
இப்போது பயந்த முகம் ஒன்பது விதம்
என் மேசையில் ஒட்டியிருக்கிறது.

தகராறு ஒன்றே ஒன்றில்தான்.
விளையாட்டில், எட்டு நொடி யாரும் எதையும் அழுத்தாவிட்டால்
நுப்பு உட்கார்ந்துவிடுவான்.
உறையைக் கழற்றித் தலைகீழாக உதறுவான்.
மூன்று பொட்டுப் பனி விழும்.
மறுபடி மாட்டிக்கொண்டு
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் பார்ப்பான்.
அவ்வளவுதான்.

ஏன் வைத்தாய் என்று தூக்காவைக் கேட்டேன்.
பார்சல் கிடங்கில் ராத்திரி வேலை முடித்து,
ஹீட்டர் ஓடாத அறையில்
தனியாக அந்த விளையாட்டைச் செய்தவன்.
"விரல் விறைச்சுப்போகும். வாயால ஊதிக்குவேன்.
அதுவரைக்கும் அவன் சும்மா நிக்கிறது பாவமா இருந்துச்சு."
சொல்லிவிட்டு, கறுப்புத் தொத்திறைச்சியைச்
சிவப்பு ஜாமில் தோய்த்துத் தின்றான்.
எனக்கும் ஒரு துண்டு தள்ளினான்.

தயாரிப்பாளர் ராய்ஸா ஒரு வரைபடம் வைத்திருந்தாள்.
நான்கு நொடி ஒன்றும் நடக்காவிட்டால்
குழந்தை சேனலை மாற்றும்.
கோடு சரியும் இடத்தைப் பேனாவால் தட்டினாள்.
முதல் எபிசோடில் வெட்டினாள்.
மூன்றில் வெட்டினாள்.
ஐந்தில், என்னைப் பார்க்காமல் வெட்டினாள்.

ஏழில் ஒளித்தேன்.
பேட்டரியைத் தேடிக் கரடி குகைக்குள் போகிறது,
எல்லாக் கண்ணும் கரடிமேல்.
பின்னால், வலது மூலையில், கட்டைவிரல் நகம் அளவில்
ஒருவன் உட்காருகிறான்.
இரண்டு இரவு ஆனது. சம்பளக் கணக்கில் சேராத இரவுகள்.

சனிக்கிழமை. இங்கே அது மிட்டாய் நாள்,
வாரம் முழுக்கப் பூட்டிவைத்த பைகள் திறக்கும்.
மேல்வீட்டு ஹில்பா என் சோபாவில்,
மடியில் உப்பு மிட்டாய், பற்களில் கரி.
கரடி உறுமியது.
அவள் கரடியைப் பார்க்கவில்லை.
மெல்வதை நிறுத்திவிட்டு
பிசுபிசுத்த விரலால் மூலையைத் தொட்டாள்,
திரையில் இன்னும் அந்தக் கறை இருக்கிறது.

"யாரோ கையை எடுத்துட்டாங்க."

யார், என்றேன்.

"அவனை ஓட்டுறவங்க."
இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தாள்.
அம்மா, காரணம், ஒன்பது விதமான பயம்,
ஏழு எபிசோடாக நான் கொடுத்த அத்தனையும் வாங்கிக்கொண்டு
இவள் பாட்டுக்கு
வெளியே ஒருவரை உட்காரவைத்திருக்கிறாள்.

"ஒண்ணுக்குப் போயிருப்பாங்க.
வந்துருவாங்க."

பனி மூன்று பொட்டு விழுந்தது.
நுப்பு உறையை மாட்டிக்கொண்டான்,
எங்களைப் பார்த்தான்,
எழுந்தான்.

"வந்துட்டாங்க" என்று
அடுத்த மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டாள் ஹில்பா.
கரடி இன்னும் பேட்டரியைத் தேடிக்கொண்டிருந்தது.