வளைவுக்கு மசகு

தண்டவாளம் காய்ந்துபோனால்
வளைவில் டிராம் அலறும்.
ப்ர்னோ நகரத்தில் பத்தொன்பது வருடமாக
நான்காம் எண் வண்டி ஓட்டுகிறேன்.
அந்த அலறலுக்குத்
தண்டவாளத்தை யாரும் குறை சொல்லிக் கேட்டதில்லை.
இரவில் ஒருவன் டப்பாவோடு வருவான்.
குனிந்து, நிதானமாகத் தடவிவிட்டுப் போவான்.

இது எனக்கு உறைக்க
ஏழு மாதம் பிடித்தது.

நவம்பரில் எடுத்தார்கள்.
கர்ப்பப்பையோடு இரண்டு சினைப்பைகளையும் சேர்த்து,
வீடு காலி செய்கிறவர்கள்
திரைச்சீலைக் கம்பியையும் கழற்றிக்கொண்டு போவதுபோல.
வீட்டுக்கு அனுப்பும்போது தந்த தாளில் இருந்தது:
ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது.
தொட்டியில் குளிக்கக் கூடாது.
உடலுறவு, ஆறு வாரம் கழித்து.
எப்படி என்று எழுத
தாளில் இடம் போதவில்லை போலும்.

பொர்ஜிவோய் கட்டிலின் ஓரத்தில் படுத்தான்,
பெயின்ட் காயாத சுவரில்
முழங்கை பட்டுவிடுமோ என்பவனைப்போல.
பள்ளிக்கூடச் சமையலறையில்
முந்நூறு பிள்ளைகளுக்கு மாவுருண்டை அவிக்கிறவன்.
வெந்துவிட்டதா என்று வாசனையிலேயே சொல்வான்.
என்னிடம் வந்தால் மட்டும்
கேட்கவும் தெரியவில்லை அவனுக்கு.

எட்டாம் வாரம் முயன்றோம்.
உப்புத்தாள்.
நான் மன்னிப்புக் கேட்டேன். அவனும் கேட்டான்.
எதற்கென்று இருவருக்கும் தெரியாது.
பிறகு சமையலறை விளக்கைப் போட்டு
ரொட்டியில் பன்றிக்கொழுப்பு தடவி,
மேலே வெங்காயம் நறுக்கிப் போட்டுத் தின்றோம்.
மணி இரண்டு பத்து.

பிப்ரவரியில் வேலைக்குத் திரும்பினேன்.
ஓட்டுநர் இருக்கையில், வெளியே பனி கொட்ட,
எனக்குள் யாரோ அடுப்பு மூட்டினார்கள்.
கையுறை, கழுத்துத் துணி, கோட்டு,
ஒவ்வொரு சிவப்பு விளக்கிலும் ஒன்றாகக் கழற்றினேன்.
இரவில் எதையும் கழற்றவில்லை.
தூக்கம் வருகிறது என்பேன்.
எனக்கும், என்பான்.
இருவரும் விழித்துக் கிடப்போம்.

டாக்டர் ஸ்டிஸ்லாவா கையுறையை உருவியபடி சொன்னாள்:
சதை மெலிந்து, உலர்ந்திருக்கிறது. களிம்பு தருகிறேன்.
வாரம் இரண்டு முறை, பட்டாணி அளவு.
அந்த நேரத்துக்குத் தனியாக ஒரு ஜெல்.
அவசரம் வேண்டாம், இருவருக்கும்.
இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை?
நீங்கள் கேட்கவில்லையே.

மருந்துக்கடைப் பெண்ணுக்கு இருபது வயதிருக்கும்.
'சூடேற்றும் வகையா, சாதாரணமா?'
என் பின்னால் வரிசையில்
ஏழு பன்னிரண்டு வண்டியில் தினமும் ஏறுகிற கிழவர்.
'சாதாரணம்' என்றேன்,
அடுத்த நிறுத்தத்தை அறிவிக்கிற குரலில்.

ட்யூப் மூன்று வாரம்
காலுறைகளுக்கடியில் கிடந்தது.
ஜூனில், கடைசி வண்டியைப் பணிமனையில் விட்டுவிட்டு
நடந்து வரும்போதுதான்
மசகு போடுகிறவனைப் பார்த்தேன்.
வீட்டுக்கு வந்து பொர்ஜிவோயை எழுப்பிச் சொன்னேன்.
சிரித்தான். கட்டில் குலுங்கச் சிரித்தான்.
பிறகு ட்யூபைக் கேட்டு வாங்கி
வெண்ணெயை இளக்குவதுபோல
இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வெகுநேரம் வைத்திருந்தான்.

முன்பெல்லாம் உச்சத்தில்
அடிவயிற்றில் ஒரு முஷ்டி மூடித் திறக்கும்.
அந்த முஷ்டி இல்லை.
இருக்கும் என்று காத்திருந்தேன்.
கொஞ்சம் அழுதேன்.
வேறிடத்தில், மேலாக, தாமதமாக
ஏதோ ஒன்று வந்தது.
அதுதானா என்று சந்தேகப்படும் அளவுக்குச் சின்னது.
'அங்கே இல்லை, இங்கே' என்று
இருபத்திரண்டு வருடத்தில் முதல்முறையாக
வாய்விட்டுச் சொன்னேன்.
'சரி' என்றான், புதுச் சமையல் குறிப்பைக்
காதில் வாங்கிக்கொள்கிறவனாக.

சில இரவுகளில் இன்னும் வலிக்கிறது.
நிறுத்து என்றால் நிறுத்துகிறான்.
எழுந்துபோய் ரொட்டி தின்கிறோம்.
வெங்காயத்தை மட்டும் விட்டுவிட்டோம்,
திரும்பி வந்ததும்
முத்தமிட்டுக்கொள்ளத் தோன்றினால் என்று.