கண் இல்லாத இலை

ஒரு பல்லைக் கொடுத்துவிட்டு
ஓர் இலையை எடுத்துவந்தேன்.
கேட்டே எடுத்திருக்கலாம்.
கன்னம் மரத்திருந்தது, வாய் நிறையப் பஞ்சு.
அட்டன் பல் கிளினிக்கில் துண்டு எழுதும் பிள்ளை
சில்லறை தேடிக் குனிந்த நேரம்
ஜன்னல் தொட்டியில் நகம் வைத்தேன்.
ஆபிரிக்க வயலட்டாம். ஊதா இதழ்,
இதழுக்கொரு வெள்ளைக் கோடு,
அடிமட்டம் வைத்துக் கீறினாற்போல.

பஸ்ஸில், கைக்குட்டைக்குள்,
பூனைக்குட்டிக் காது மாதிரி இருந்தது.

இலை வெட்டுவதுதான் எனக்கு வேலையே.
பதினோரு வருஷமாய்த் தோட்டத்து நர்சரியில்
தேயிலைக் கிளையை ஓர் இலை, ஒரு கணு என்று சரித்து நறுக்கி
கறுப்புப் பொலித்தீன் பையில் ஊன்றுகிறேன்.
எத்தனை நட வேண்டும் என்று கணக்கப்பிள்ளை சொல்வார்.
எத்தனை பட்டுப்போகும் என்று நான் சொல்வேன்.
இலைக் கக்கத்தில் கண் வேண்டும்.
கண் இல்லாதது வேர்கூட விடும்,
பச்சையாய் நிற்கும், மாசக்கணக்கில் நிற்கும்,
செடியாகாது.

மரியபுஷ்பம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"கண்ணே இல்லையே புள்ள. வெறுங் காம்பு."

ஓர் அங்குலம் விட்டுச் சரித்து வெட்டினேன், கைப்பழக்கம்.
யோகட் கோப்பையின் அடியில் சுட்ட ஊசியால் நாலு ஓட்டை.
தும்புத் தூள், ஆற்று மணல்,
அடுப்பில் பொறுக்கிய கரி.
மேலே பாண் பையைக் கவிழ்த்தேன்.
எங்கள் காம்பராவில் சூடு இருப்பது இரண்டே இடம்:
ஒன்று அடுப்பு,
மற்றது டிஷ் பெட்டியின் முதுகு.
அன்றிலிருந்து யோகராஜா செய்தி பார்த்தால்
மந்திரி பாதி, கோப்பை பாதி.

மாசி போனது. பங்குனி போனது.
கதவைத் திறந்தால் உள்ளே வந்து உட்காரும் பனி
பாண் பைக்குள் மட்டும் வரவில்லை.
சாகவுமில்லை, வளரவுமில்லை.
ஒருநாள் மெல்ல இழுத்துப் பார்த்தேன்.
அது விடவில்லை.

பன்னிரண்டாம் கிழமை,
கண் இல்லாத காம்பின் காலடியில்
கடுகளவில் மூன்று பச்சை.
நர்சரியில் யாருக்கும் சொல்லவில்லை.
பத்துத் தடவை கையைக் கழுவி
கிட்டப்போய்ப் பார்த்தேன்,
மூச்சுப் படாமல்.

பிறகு பிள்ளைகளைப் பிரித்தேன்.
தாய் இலையை எறிய மனமில்லை,
காம்பைப் புதிதாய் வெட்டி மறுபடி ஊன்றினேன்.
அது ஒன்றும் சொல்லவில்லை.
மறுபடி தொடங்கியது.

ஐப்பசி மழையில் முதல் மொட்டு விரிந்தது.
ஊதா.
விளிம்புவரை ஊதா.
அடுத்ததும் அப்படி, மூன்றாவதும் அப்படி.
கோட்டைக் காணோம்.

தேயிலையில் தாய்மரம் எதுவோ பிள்ளையும் அதுவே.
அதே கொழுந்து, பலகையில் அதே நம்பர்.
அந்த நம்பிக்கையில்தான் பேர் போட்டுச் சாப்பிடுகிறேன்.
இந்த இலை மட்டும்
கோட்டைத் தாய்வீட்டில் மறந்துவைத்துவிட்டு
பஸ் ஏறியிருக்கிறது.
ஒரு கிழமை அதோடு முகங்கொடுக்கவில்லை.
தண்ணீர் ஊற்றினேன், அது வேறு.

மார்கழியில் அடுத்த பல்.
கிளினிக் தொட்டி அழுகிக் கிடந்தது,
தட்டு நிறையக் குளிர்ந்த தண்ணீர்.
கைப்பையிலிருந்து ஒரு கோப்பையை எடுத்து வைத்தேன்.
"எங்கட பூவில வெள்ளைக் கோடு இருந்திச்சே.
இது வேற சாதியா அக்கா?"
உங்க பூவோட புள்ளதான் என்று சொல்ல வாயெடுத்தேன்.
பஞ்சு.
ஆமென்றும் இல்லையென்றும் சேராமல் தலையாட்டிவிட்டுக்
காசைக் கட்டினேன்.

தையில், மிச்சமிருந்த பல்லை அடைக்கப் போனபோது
ஜன்னலில் ஊதா நன்றாய்த்தான் நின்றது.
எண்ணிப் பார்த்தேன்.
கொடுக்கும்போது பதினான்கு இலை.
பதின்மூன்று இருந்தது.
கீழ் வரிசையில் ஒரு காம்பு, சுத்தமான நக வெட்டு.

வரிசையில் இருந்தவர்களைப் பார்த்தேன்:
கன்னத்தைப் பொத்தியபடி ஆறேழு பேர்.
யாரென்றாலும் சரி.
இலைமேல் பச்சைத் தண்ணீர் படக் கூடாது,
அதை மட்டும் சொல்லியிருக்கலாம்.