நின்ற நேரம்

கொருக்குப்பேட்டை கேட் போட்டிருக்கிறது.
இந்தப் பக்கம் தண்ணி லாரி, ஷேர் ஆட்டோ,
சிலிண்டர் வண்டி, எங்கள் தோளில்
பெர்க்மான்ஸ் அண்ணனின் பெட்டி.
அந்தப் பக்கம் காசிமேட்டுக் கல்லறைக்குப் போகிற ரோடு.
நடுவில் முடிவே இல்லாமல் கூட்ஸ்.

மேளக்காரர்கள் குச்சியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
டீ சொல்லிவிட்டார்கள்.
தோள் வலிக்கிறதென்று யாரோ
டீக்கடை பெஞ்சை இழுத்துப் போட,
அதன்மேல் இறக்கினோம்.
நாற்பது வருஷத்தில் முதல் தடவையாக
அண்ணன் பெஞ்சில்.

பகலில் துறைமுகத்தில் மூட்டை எண்ணுகிற டாலி கிளார்க்கு.
சாயங்காலம் மண் கிரவுண்டில்
குழாய் ஸ்பீக்கருக்குப் பின்னால் ஒரு தொண்டை.
உலகக் கோப்பை வந்த வருஷம்
கேபிள்காரர் சம்பங்கி
டிவியின் இங்கிலீஷ் குரலை அணைத்துவிட்டு
இவர் குரலைச் செருகினார்.
நடுராத்திரி பன்னிரண்டரைக்கு
வீட்டுக்கு வீடு நீல வெளிச்சம்,
எல்லா வீட்டிலும் அதே கரகரப்பு.

வாயில் நுழையாத பேர்களையெல்லாம்
தூக்கி ஓரமாக வைத்தார்.
நெட்டையாக இருந்தவன் புகைபோக்கி.
குறி தவறாமல் சேர்ப்பவன் போஸ்ட்மேன்.
எவனுக்கும் பந்து தராதவன் ரேஷன் கடை.
'ரேஷன் கடை பூட்டிக்கிச்சுபா, போய் நாளைக்கு வா'
என்று அவர் சொன்ன ராத்திரி
இறால் உரிக்கப் போகவேண்டிய பெண்கள்
விடிகிறவரை சிரித்துக் கிடந்தார்கள்.

ஆஃப்சைடு என்றால் என்னவென்று
எத்தனையோ பேர் படம் போட்டு விளக்கியும்
ஏறாத மண்டைகளுக்கு
'பந்திக்கு முந்திட்டான், எய்ப்பி வுட்டாங்க' என்றார்.
அவ்வளவுதான். அன்றைக்கே புரிந்தது.

டியூஷன் என்று பொய் சொல்லி
நான் ஆடப் போன நாளில்
மைக் சொன்னது:
'ரைட் பேக்குல வேதவல்லி,
நம்ம டைலர் முனிரத்தினத்தோட பொண்ணு.'
நாலு தெரு தள்ளி
மிஷின் மிதித்துக்கொண்டிருந்த அப்பா
கழுத்தில் டேப்போடு வந்து
கோட்டோரம் நின்றார்.
அடி விழும் என்று எல்லோரும் காத்திருந்தோம்.
'நிக்கர் தொளதொளன்னு கீது' என்றார்.
மறுநாள் பதினோரு நிக்கரும் பிரித்துத் தைக்கப்பட்டன.
காசு வாங்கவில்லை.
அண்ணனோடு ஒரு வருஷம் பேசவும் இல்லை.

கோல் விழும்போது மட்டும் கத்தமாட்டார்.
மைக்கைத் திருப்பி
எங்கள் பக்கம் நீட்டிவிடுவார்.
ஸ்பீக்கரில் எங்கள் சத்தமே
எங்களுக்குக் கேட்கும்.
ஏரியா இவ்வளவு பெரிசா என்று
அப்போதுதான் தெரியும்.

எவனாவது அடிபட்டு விழுந்து
ஆட்டம் நின்றால் கூட்டம் கூச்சல் போடும்.
அவர் அவசரப்படமாட்டார்.
'நின்ன நேரம் எங்கியும் போவாது.
கடைசில சேத்துக் குடுப்பாங்க.'

ஸ்டான்லியில் வாய் கோணிப் பேச்சு நின்றது மூன்று மாதம்.
கண்ணால் மட்டும் பந்தைத் துரத்திக்கொண்டிருந்தார்,
சுவரில், ஃபேன் நிழலில்.
இதோ இந்த கேட்டில் பதினோரு நிமிஷம், இன்னும் ஓடுகிறது.
எல்லாவற்றையும் குறித்து வைத்திருக்கிறேன்.
யாரிடம் கொடுப்பதென்றுதான் தெரியவில்லை.

கடைசிப் பெட்டி போய்விட்டது.
கேட் தூக்கிவிட்டார்கள்.
பின்னால் ஹாரன்.
தூக்கு, தூக்கு என்கிறார்கள்,
மேளம் இன்னும் தொடங்கவில்லை,
யாருமே பேசவில்லை.

என் வாய்தான் தானாக முணுமுணுக்கிறது:
இடது ஓரமா எடுத்துக்கினு போறாங்க,
தண்டவாளத்தத் தாண்டியாச்சு,
மோகன் கிட்டருந்து தோள் மாறுது,
லாசர் வாங்கிக்கினான்,
பள்ளம் கீது பாத்து,
மெதுவாப்பா,
இன்னும் டைம் கீது.