சேதாரம்

ஆறி அடங்கட்டும், ராத்திரி முழுக்க நிற்கட்டும்,
விடிந்ததும் திற என்றான் கொழுந்தன் முனிரத்தினம்.
கொதிக்கக் கொதிக்க இறக்கினால்தான்
கசடு கையோடு வரும் என்றார்
ஸ்பேர் பார்ட்ஸ் கடை இலியாஸ் பாய்.
எதிர்வீட்டுப் பையனிடம் பம்பு இருக்கிறது.
குனியவே வேண்டாம்,
மேலே ஊற்றுகிற ஓட்டை வழியாகவே உறிஞ்சிவிடலாம்,
சட்டையில் ஒரு சொட்டு படாது என்றான்.
அவன் சட்டை எப்போதும் வெள்ளை.

மூன்று பேரும் மலையேறாதவர்கள்.
என் வண்டி நூறு சிசி.
சனிக்கிழமைதோறும்
மெட்டியும் குழந்தைக் கொலுசும் கட்டிக்கொண்டு
இருபது கொண்டை ஊசி வளைவையும்
முனகிக்கொண்டே ஏறும் ஏற்காட்டுக்கு.

பம்பை நான் நம்பவில்லை.
செவ்வாய்ப்பேட்டைக்காரிக்குத் தெரியும்,
கனமானது அடியில்தான் கிடக்கும்.
பட்டறையை மேலாகக் கூட்டினால் தூசி.
மூலையைக் குச்சியால் கிளறினால்
வெள்ளி.

ஆறின எண்ணெயும் வேண்டாம்.
மார்கழிக் காலையில் தேங்காயெண்ணெய் பாட்டிலைக்
கவிழ்த்துப் பார்த்தவர்களுக்குக்
காரணம் சொல்லத் தேவையில்லை.

கொதிப்பும் வேண்டாம்.
போன தடவை மலையிலிருந்து இறங்கிய சூட்டோடு
போல்ட்டைத் திருகினேன்.
மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது
ஒரு ரூபாய் அளவுக்கு.
வளையலை அதன்மேல் இறக்கிவிட்டுக்கொள்கிறேன்.

ஆகவே இன்று
கோரிமேடு தாண்டி அடிவாரம்வரை போய்
டீக்கடையில் நிற்காமல் திரும்பினேன்.
வாசலில் பெரிய ஸ்டாண்டு போட்டு
எஞ்சின்மேல் கை வைத்துப்
பத்து எண்ணினேன்.
ஏழிலேயே எடுக்கவேண்டியிருந்தது.
இரு, இன்னும் கொஞ்சம் இரு என்றேன்
வண்டியிடமோ கையிடமோ.
இரண்டாம் தடவை
பத்தும் தாங்கியது.

பதினேழாம் நம்பர் ஸ்பானர்.
முதல் அரைச்சுற்று அதற்கு, மீதி விரலுக்கு.
கறுப்புக் கயிறாக இறங்கியது,
பிறகு நூல்,
பிறகு சொட்டு.
சொட்டும் நின்றபின் வண்டியைச் சாய்த்தேன்.
ஒளித்து வைத்திருந்தது
இன்னும் ஒரு சங்களவு.

பல் விளக்கிக்கொண்டே வந்த முனிரத்தினம்
போல்ட் நுனியைப் பார்த்து
'அண்ணி, மின்னுது!' என்றான்.
விரலில் தேய்த்துப் பார்த்தேன்.
வெள்ளியாக இருந்தால்
பட்டறை மண் வாங்குகிறவன் வருவான், எடை போடுவான்.
இதற்கு ஆளில்லை.
வளைவுக்கு வளைவு பல்சக்கரம் தேய்ந்த பொடி.

செம்பு வாஷர் நசுங்கி இறுகியிருந்தது.
புதிது வாங்கலாம், கடை திறக்கப் பத்தாகும்.
குறட்டில் பிடித்துப்
பட்டறை நெருப்பில் காட்டினேன்,
செக்கச்செவேலென்று ஆகும்வரை.
தண்ணீரில் போட்டதும் ஒரு சுர்.
செம்பு இளகிவிட்டது,
இன்னொரு தடவை நசுங்கச் சம்மதித்து.
'இது யார் சொன்னது?' என்றான் முனிரத்தினம்.
வாயைக் கொப்பளித்துவிட்டு வா என்றேன்.

பிறகு கணக்கு.
கொடுத்ததையும் வந்ததையும் நிறுக்காமல்
எங்கள் தெருவில் யாரும் தூங்குவதில்லை.
மூவாயிரம் கிலோமீட்டருக்கு முன்னால்
ஊற்றியது தொள்ளாயிரம் மில்லி.
வந்தது எழுநூற்று முப்பது.
சேதாரம் நூற்றெழுபது.
கொலுசில் இவ்வளவு விட்டிருந்தால்
முதலாளி என்னை
வாசலிலேயே நிறுத்திக் கேட்டிருப்பார்.
தரையில் கறை இல்லை.
பதினான்காம் வளைவில்,
சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே,
பின்னால் ஒரு நீலப் புகை வருவதைக்
கண்ணாடியில் பார்த்திருக்கிறேன்.
மூடுபனி என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொள்வது சுலபமாக இருந்தது.

புதிய எண்ணெய் தேன் நிறம்.
ஊற்றி, ஒரு நிமிஷம் ஓடவிட்டு, அணைத்து,
குச்சியைத் துடைத்துத் திரும்ப விட்டேன்.
இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றது.
பழையதைக் கதவு நிலைக்குப் பூசலாம்,
கறையான் வராது என்றான் முனிரத்தினம்.
பாட்டிலில் மூடி
பாயிடம் கொடுக்க எடுத்து வைத்தேன்.

வெள்ளிக் கணக்கு நோட்டிலேயே
கடைசிப் பக்கத்தில் எழுதினேன்:
வண்டி. நூற்றெழுபது.
யார் பேரில் என்ற இடத்தை
இப்போதைக்கு விட்டிருக்கிறேன்.
நாளை சனிக்கிழமை.