தன்மை ஒருமை

பேர்ண், பெண்கள் ஆஸ்பத்திரி, மூன்றாம் மாடி.
என் கதிரையைக் கைகழுவும் தொட்டியின் பக்கம்
திருப்பிப் போட்டிருந்தார்கள்.
முதுகுக்குப் பின்னால் திரைச்சீலை.
சீலைக்கு அப்பால் நிரோஜினி, தயாபரன்,
குளிர்ந்த களியோடு டொக்டர் ஷ்டெம்ப்லி.
வழமையாக வரும் செல்வமலருக்குக் காய்ச்சலாம்.

விதி இது, பயிற்சியில் முதல் நாளே சொல்லித்தந்தது:
அவள் ‘நான்’ என்றால் நீயும் ‘நான்’ என்றே சொல்.
‘அவ சொல்லுறா’ என்று தள்ளி நிற்காதே.
ஆகவே காலை ஒன்பது பத்துக்கு
ஐம்பத்தொரு வயதில், மீசையோடு,
தொட்டியைப் பார்த்து ஜெர்மனில் சொன்னேன்:
நான் பன்னிரண்டு வாரக் கர்ப்பிணி.
இதற்கு முன் இரண்டு, என்னிடம் தங்கவில்லை.

தொட்டிக்கு மேலே கைகழுவும் முறை, ஆறு படங்கள்.
ஐந்தாவதில் பெருவிரலைப் பிடித்துத் திருக வேண்டும்.
அதைப் பார்த்தபடி
அறுபத்தொரு மில்லிமீட்டர் என்றேன்.
மூக்கெலும்பு தெரிகிறது என்றேன்.
இதயம் கேட்டபோது ஒருவரும் பேசவில்லை.
எனக்கு வேலையில்லாத அரை நிமிடம்.

பிறகு டொக்டரின் குரல் தணிந்தது.
பிடரி.
நல்ல வேளை, சொல் கைவசம் இருந்தது,
இதுவரை சிங்கத்துக்கும் குதிரைக்கும் மட்டுமே
நான் செலவழித்த சொல்.
பிடரித் தோலுக்கு அடியில் நீர்,
மூன்று தசம் இரண்டு,
வழமையைவிடச் சற்று அதிகம்.

கணினி ஓர் எண்ணைத் தந்தது: ஐம்பத்தெட்டில் ஒன்று.
நிகழ்தகவு என்றால் பரீட்சைத் தாளின் சிவப்புப் பந்து, நீலப் பந்து.
ஆபத்து என்றால் பிள்ளை எங்களுக்கு ஏதோ செய்ய வருவதுபோல.
வாய்ப்பு, லொத்தர்க்காரனின் சொல்.
நான்கு நொடி தேடினேன்.
சீலைக்குப் பின்னால் கட்டிலின் தாள் சரசரத்தது.

‘உங்களைப்போல ஐம்பத்தெட்டுத் தாய்மார் இருந்தால்
ஒருவருக்கு இருக்கலாம். ஐம்பத்தேழு பேருக்கு இல்லை.’

அவள் கேட்டாள்:
‘அந்த ஐம்பத்தேழு பேரும் இப்ப எங்க?’

அப்படியே சொன்னேன். ஒரு சொல் கூட்டவில்லை.
டொக்டர் கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் சொன்னார்:
முன்பு பல்லாயிரம் பெண்கள் தங்கள் பிடரி அளவுகளை,
இரத்தத்தை, பிறகு நடந்ததை
எழுதிவைக்கச் சம்மதித்தார்கள்.
உங்கள் எண் அவர்களிடமிருந்து வருகிறது.

இனி இன்னொரு குழாய் இரத்தம்.
உங்கள் இரத்தத்தில் அதன் துணுக்குகள் மிதக்கின்றன, பார்க்கலாம்.
எதன்?
ஜெர்மனில் அதற்குத் தாயின் கேக் என்று பெயர்.
எங்கள் ஊரில் நஞ்சுக்கொடி.
ஒரு பக்கம் சீனி, ஒரு பக்கம் நஞ்சு,
நடுவில் தொட்டியைப் பார்த்தபடி நான்.
‘பிள்ளைக்குச் சாப்பாடு போற கொடி’ என்றேன்.
பிழை பிடிப்பவர்கள் பிடிக்கட்டும்.

தயாபரன் ஒன்றே ஒன்று கேட்டான்:
‘காப்புறுதி கட்டுமோ?’
கட்டும்.
அவனால் தூக்க முடிந்த கேள்வி அதுதான்.

கடைசியாக இரண்டாவது தாள்.
மிஞ்சும் இரத்தத்தை ஆராய்ச்சிக்குத் தரலாமா?
உங்களுக்கு இதனால் பலன் ஒன்றும் இல்லை.
மறுக்கலாம், சிகிச்சை மாறாது.
பேனை திறக்கும் சத்தம் கேட்டது, எழுதும் சத்தம் கேட்கவில்லை.
‘அப்ப நானும் ஆரோ ஒருத்திக்கு
ஐம்பத்தேழில ஒண்டோ?’
‘இல்லாட்டி...’ என்று தொடங்கி விட்டுவிட்டாள்.
முடியாத வாக்கியத்தையும்
முடியாமலே மொழிபெயர்க்க வேண்டும். அதுவும் விதி.
பிறகு பேனை கீறியது.

ஐம்பத்தைந்து நிமிடம் என்று என் படிவத்தில் ஒப்பமிட்டார்கள்.
முடிவு அடுத்த புதன்.
அதற்குள் செல்வமலருக்குக் காய்ச்சல் விட்டிருக்கும்.
நான் அவளிடம் கேட்கக் கூடாது, அவள் சொல்லக் கூடாது.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்து நின்றேன்.
ஒரு பள்ளிக்கூடப் பெடியன் என் முகத்தைப் பார்த்துவிட்டு
எழுந்து இடம் தந்தான்.
வேண்டாம் என்று சொல்லவில்லை.
இருந்துவிட்டேன்,
மெதுவாக,
ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு.