நாலு, ஒய்

ஜேக்கப்ஸ் பழைய இரும்புக்கடையில்
பதினோராயிரம் ராண்ட் சொன்னான் சேக்ரன்.
"ஜப்பான் சரக்கு அக்கா, போன வாரக் கப்பல்."

டீசல் தொட்ட துணியால் தேய்த்தேன்.
பிளாக்கின் இடுப்பில்
அழுக்குக்குள்ளிருந்து எழும்பியது:
நாலு. ஒய்.
பிறகு ஏழு எண்கள்.
மூன்றாவது மட்டும் கொஞ்சம் சாய்ந்து,
குத்தியவனை யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருப்பான்.

எண் மறந்துவிட்டது.
அந்தச் சாய்வு மறக்கவில்லை.

இரண்டு வருடம் முன்பு
டோங்காட் சந்தை வாசலில்
நாற்பது கட்டு வெந்தயக்கீரையோடு
காணாமல் போன என் பக்கி லாரி.
ஆயில் சம்ப்பில் ஒரே ஒரு போல்ட் பித்தளை,
அவசரத்துக்கு நான் போட்டது.
குனிந்தேன்.
பித்தளை.

காவல் நிலையத்தில் ம்கீஸே
திரையைப் பார்த்துச் சொன்னார்:
"திருட்டு எஞ்சின்."
"ஆமாம், என்னுடையது."
"இன்சூரன்ஸ் பணம் வாங்கிவிட்டீர்களே அம்மா,
இப்போது அவர்களுடையது."

படிவத்தில் ஓர் இடம் இருந்தது:
பொருளுக்கும் உங்களுக்கும் என்ன உறவு?
தெரிந்த முகம் என்று எழுதினேன்.
அடித்துவிட்டு
'வாங்க வந்தவள்' என்று எழுதச் சொன்னார்.

சேக்ரன் போனை எடுக்கவில்லை.
நகக்கண்ணில் ஒட்டியிருந்த எண்ணெய்க்கு மட்டும்
யாரும் எண் கேட்கவில்லை.