தடையின்றித் தானே விழும்

நாற்பத்தோரு பெயர் அட்டைகளை நான்தான் வெட்டினேன்.
மேலே பெயர், கீழே நிறுவனம்.
ஹனோயிலிருந்து வரும் துயெத்துக்கு
எழுத்தின் தலையில் இரண்டு குறிகள், மறக்கக் கூடாது.
என் அட்டையில் கோகிலவாணி என்று அடித்துவிட்டுக்
கீழ்வரியை வெறுமையாக விட்டேன்.
ஒப்பந்தம் ஜூன் முப்பதோடு முடிந்தது.
பள்ளி ஜூலை ஏழில் தொடங்கியது.

ஈர்ப்பியல் உயர்நிலைப் பள்ளி என்று பதாகை.
"சீருடை உண்டா?" என்று கேட்டான் அக்காள் மகன்.

மிண்டன் குன்றில் இரண்டு வாரம்.
காலையில் கருந்துளை, பத்தரைக்குக் கறிபாப்,
மாலை ஐந்தரைக்குத் தவறாமல் மழை.
பலகை நிறையக் குறியீடுகள்,
மேலும் கீழும் மொய்க்கும் சின்னச் சின்ன எழுத்துகள்
பலாச்சுளையில் ஈக்கள் மாதிரி.
உள்ளூர்க்காரி என்பதால்
காப்பி தீர்ந்தால் என்னைக் கூப்பிட்டார்கள்.
கணக்கு தீராதபோதும் சிலர் கூப்பிட்டார்கள்.

"நீங்கள் இப்போது எங்கே?"
இடைவேளைதோறும் இதே கேள்வி.
எந்த ஆயங்களில் என்று திருப்பிக் கேட்டிருக்கலாம்.
"பட்டர்வொர்த்தில், அக்காள் வீட்டில்" என்றேன்.
சிரித்தார்கள். சிரிக்காதவர்களுக்கும்
ஒப்பந்தம் முடியும் தேதி ஒன்று இருந்தது
என்பது பிறகு தெரிந்தது.

முதல் நாள் பாடம் இவ்வளவுதான்:
எடை என்பது பூமி இழுப்பதல்ல,
தரை விடமாட்டேன் என்பது.
தமிழ்ப்பள்ளியில் மனப்பாடம் செய்த வரி வேறு.
தடையின்றித் தானே விழும் பொருள்…
அந்தத் "தானே" அன்று உறுத்தவில்லை.

சனிக்கிழமை ஓய்வு. பாலிக் பூலாவுக்கு வேன்.
சரிவெங்கும் மரத்துக்கு மரம் வலை.
டுரியானைப் பறிக்கக் கூடாதாம்; பழுத்தால் அதுவே இறங்கும்,
பெரும்பாலும் இரவில்.
தோட்டக்காரர் ஆ ஹோக் தலைக்கவசங்களை நீட்டினார்.
அவை பத்து. நாங்கள் பத்தொன்பது.
சார்பியல் படித்தவர்கள்
முறை வைத்து மாட்டிக்கொண்டோம்.

எட்டு மணிக்கு நல்ல இருட்டு.
ஒருவரும் பேசவில்லை. இரைச்சல் அடங்கினால்தானே சமிக்ஞை.
சுவர்க்கோழி, தூரத்தில் ஒரு மோட்டார் சைக்கிள்,
லாகூர் ஷஹர்யாரின் வயிறு.

எங்கோ ஒரு காம்பு விட்டது.
கிளைக்கும் வலைக்கும் நடுவே, ஒரு வினாடிகூட இல்லை,
மூன்று கிலோ முள்ளுக்கு எடையே இல்லை.
உள்ளே ஒரு சுளை பக்கத்துச் சுளையை அழுத்தவில்லை.
பிறகு வலை தாழ்ந்தது, ஏறியது, தாழ்ந்தது,
ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைவாக.
துயெத் என் கையை இழுத்து
அடங்கும் அந்த ஆட்டத்தை உள்ளங்கையில் விரலால் வரைந்தாள்.
மூன்று வருடமாக அவள் கணக்கிடுவது அதைத்தான்:
மோதி ஒன்றான இரண்டு கருந்துளைகள்
அமைதியாக எடுத்துக்கொள்ளும் நேரம்.

நான் நினைத்தது வேறு.
விழும்போது அதற்கு விழுவது தெரியாது.
எனக்குத் தெரிகிறது.
உவமை அங்கேயே உடைந்துபோனது.

அடுத்தது வலை இல்லாத பக்கம் விழுந்தது. தொப்.
ஆ ஹோக் டார்ச் அடித்துத் தேடி எடுத்துவந்தார்.
வெடித்துவிட்டது, விலை போகாது,
அதனால் எங்களுக்கு.
கவசத்தைக் கவிழ்த்து அதில் கொட்டையைத் துப்பினோம்.
அவ்வளவு இனிப்பு, கொஞ்சம் கசப்பு, யாரும் ஆய்வு பற்றிப் பேசவில்லை.

திரும்பும் வேனில், மணக்கும் கையோடு,
நான்காம் கணக்கைக் கைப்பேசி வெளிச்சத்தில் பார்த்தேன்.
மூன்றாம் வரியில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது.
ஷஹர்யாரை எழுப்பினேன்.